ரகசியக் காப்பாளர் அழகுமலை

"ரகசியக் காப்பாளர்: திரு. பெ. அழகுமலை. குறைவாகப் பேசுபவர். கேட்டதை மனத்துக்குள் பூட்டி வைப்பவர். எவ்விதத் தூண்டுதலுக்கும் அசையாத உறுதி படைத்தவர்."

கிறிஸ்துமஸ் வாரத்துப் புதையல் வேட்டைக்காக ஒத்தமரமேட்டு வாயனசாலை என்கிற ஊர் நூலகம் அச்சடித்த நோட்டீசில் இப்படித்தான் இருந்தது. படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பெயரை இன்னொரு தடவை பார்த்தார்கள். பெயர் சரிதான். மற்றதெல்லாம் தபால்காரர் வேல்முருகனுடையது. சில வருடங்களாக அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்று பயப்படுகிறவர்போல் இருப்பார். அவருக்கு அடிமாலிக்கு மாற்றலாகிவிட்டது. புதையல் இருக்கும் இடத்தை வேட்டை நாள்வரை வெளியே விடாமல் காக்கிற வேலை அழகுமலைக்கு வந்தது. வாயனசாலைச் செக்ரட்டரி சுவக்கீன் பழைய நோட்டீசை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஆள் மாறினால் குணமும் மாறும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கமிட்டிகளுக்கு அது பொதுவாகத் தோன்றுவதில்லை.

அழகுமலை ஜீப் ஓட்டுகிறவர். சாந்தன்பாறைக்கு மேலே, தார் ரோடு 'இனி என்னால் முடியாது' என்று நின்றுவிடும் இடத்துக்கு அப்பால் ஏறுகிற ஒரே ஜீப் அவருடையது. காலையில் லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து பெண்களை ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் காய்ச்சாக்குகளோடு ஏற்றி வருவது தொழில். செய்தி ஏற்றி இறக்குவது தொழிலில் சேராது, ஆனால் தொழிலைவிடச் சிரத்தையாகச் செய்வார். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எந்தத் தோட்டத்துக்குப் புதுக் கங்காணி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவர் வண்டியில் சரக்குச் சேதமில்லாமல் வந்து இறங்கும். கூட்டிச் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். அதுதான் ஆபத்து. பொய் கலந்து சொல்கிறவராக இருந்திருந்தால் ஊர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊருக்கு அவர்மேல் பிரியம் உண்டு. அந்தப் பிரியம் மாறாமலே அவரிடம் எதையும் சொல்லாமல் இருந்தது. வீடும் அப்படித்தான். மகள் சித்ராவுக்கு வண்டன்மேட்டில் மாப்பிள்ளை பார்த்து, பேசி, வரும் ஞாயிறு வெற்றிலை மாற்றுவது என்று முடிவானபிறகு, அந்தச் சேதி அவருக்குக் கிடைத்தது தன் ஜீப்பின் பின்சீட்டிலிருந்துதான். ஏலக்காய் பறிக்கிற சின்னத்தாய், "பொண்ணு வீட்டுக்காரரு இன்னும் சட்டை தைக்கக் குடுக்கலையா?" என்று கேட்டாள். "எந்தப் பொண்ணு?" என்றார் அழகுமலை. ஜீப் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அன்று முழுக்க ஒரு வளைவிலும் ஹார்ன் அடிக்கவில்லை.

"முன்னாடியே சொன்னா போடிமெட்டு வரைக்கும் போயிருமே, என்ன செய்யச் சொல்றீக?" என்றாள் மனைவி ராமுத்தாய். போயிருக்கும்தான்.

கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் இந்த நோட்டீஸ் வந்தது. ராமுத்தாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "இந்தா பாருங்க. ஞாயித்துக்கெழம வேட்டை வரைக்கும் இந்த ரகசியத்தக் காப்பாத்திட்டீகன்னா, இனிமே வீட்டுச் சேதி எதுன்னாலும் மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவேன். என் மக மேல சத்தியம்."

புதையல் அழகுமலைக்குப் பெரிதில்லை. இந்த வாக்கு பெரிது.

இந்த வேட்டை எளிமையானது. மேல் லயம் ஒரு கட்சி, கீழ் லயம் ஒரு கட்சி. பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வருகிறவர்களும், காளியம்மன் கோயிலடியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்களும் வாயனசாலை முற்றத்தில் கூடுவார்கள். ஒரு சீட்டில் எதுகையோ இயைபோ வைத்து இரண்டு வரி. அதை அவிழ்த்தால் அடுத்த சீட்டு இருக்கும் இடம். கடைசிச் சீட்டு புதையலைக் காட்டும். வரிகளைக் கட்டுகிறவள் அங்கன்வாடி டீச்சர் அன்னமேரி. எதுகை அமையாத நாளில் அவள் சாப்பாடு பாதியில் நிற்கும் என்பார்கள்.

புதையலை எங்கே வைப்பது என்ற யோசனையில், வேறெங்கும் எடுபடாத ஒரு தர்க்கத்தை அவள் சுவக்கீனிடம் வைத்தாள். "எங்க வச்சாலும் ஜீப்புலதான் கொண்டுபோகணும் சார். கொண்டுபோனா அழகுமலையண்ணனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். அதனால ஜீப்புலயே வச்சிருவோம். அலைச்சலாவது மிச்சம்."

அப்படியாக ஒரு பிஸ்கட் டின், ஜீப்பின் நீளப் பின்சீட்டுக்கு அடியில், மழைக்காலத்தில் சக்கரத்தில் சுற்றுகிற இரும்புச் சங்கிலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. உள்ளே முதல் தரப் பச்சை ஏலக்காய். வெறும் ஏலக்காயா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வருடம் முழுக்க அதைப் பறிக்கிறவர்கள் வீட்டு டீயில் விழுவது வெடித்த காயும் தோலும்தான். தடித்த காயெல்லாம் ஏல விற்பனைக்குப் போய்விடும். ஆகவே அங்கே அது புதையல்தான். வாசனை காட்டிக்கொடுக்குமோ என்ற கவலையும் இல்லை. ஜீப், அதில் ஏறுகிறவர்கள், அவர்கள் தலைத்துண்டு எல்லாமே அந்த வாசனைதான்.

செவ்வாய்க்கிழமை அழகுமலை தாங்கினார். புதன்கிழமையும் தாங்கினார். பல் வலி என்று சொல்லிக் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு ஓட்டினார். பல் வலி என்பது அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய். அது செரிக்கவில்லை. வியாழக்கிழமை காலை, ஏற்றத்தில் இரண்டாம் கியர் போடும்போது, சின்னத்தாய் பின்னாலிருந்து நூல் விட்டாள்.

"என்னண்ணே, பொதையல் பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"நீ உக்காந்திருக்க சீட்டுக்கு அடியில."

சொன்ன மாத்திரத்தில் ராமுத்தாயின் வாக்கு கண்முன்னால் பள்ளத்தில் உருண்டு போவது தெரிந்தது. ஜீப்புக்குள் கூரை அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"யாத்தே! என்னமா பொய் பேசக் கத்துக்கிட்டாரு பாருங்கடி!"

"சுவக்கீன் சாரு ட்ரெய்னிங் குடுத்திருக்காருல்ல!"

"பல்லு வலின்னு துணியக் கட்டுனப்பவே நெனச்சேன், இது கமிட்டி வேலைன்னு."

அழகுமலைக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்த வளைவுக்குள் கோபமும் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரு கலப்படம் இல்லாமல் செய்தி கொடுத்த மனிதரை, வாயைத் திறந்த உடனே பொய்யர் என்றால்? "சத்தியமா சொல்றேன் சின்னத்தாயி, உனக்குக் கீழதான் இருக்கு!" என்றார். "ஆமாண்ணே, நான் அடைகாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. யார் கேட்டாலும் சொன்னார். பூப்பாறை டீக்கடையில் சொன்னார். மேல் லயத்துக் கட்சித் தலைவன் ரிஜினிடமும் சொன்னார். ரிசார்ட்டில் விருந்தினரை வரவேற்கிற வேலை பார்ப்பவன் அவன். "சேட்டா, இந்த டெக்னிக் எல்லாம் எங்ககிட்ட வேணாம்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். கடைசியில் ராமுத்தாயிடமே சொல்லிவிட்டார். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "நல்லாத்தான் நடிக்கிறீக. இப்படியே ஞாயிறு வரைக்கும் ஓட்டுங்க" என்றாள். தன்னை நம்பவேண்டும் என்ற ஆசையும், நம்பிவிடக்கூடாது என்ற பயமும் ஒரே நெஞ்சில் உட்கார்ந்துகொண்டதில் இடம் போதவில்லை. சனிக்கிழமை வரை அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஞாயிறு பனி நன்றாக இறங்கியிருந்தது. சுவக்கீன் முதல் சீட்டைப் படித்தார்:

"தீயைத் தின்னும், புகையைக் கக்கும்;
பச்சையாய் வாங்கும், பச்சையே நிற்கும்."

கீழ் லயம் நொடியில் அவிழ்த்துவிட்டது. காய் உலர்த்துகிற ஸ்டோர்! நல்ல உலர்த்தலில் ஏலக்காய் நிறம் மாறாது. ஸ்டோருக்கு ஓட வேண்டுமானால் ஒரே வண்டிதான். ஆகவே இரண்டு கட்சியும் ஒரே ஜீப்பில் ஏறின. மேல் லயம் இடது பக்கம், கீழ் லயம் வலது பக்கம், நடுவில் முழங்கால்கள். எதிரிகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போட்டி போடுவதை அங்கே யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

ஸ்டோர் கதவிடுக்கில் இரண்டாம் சீட்டு:

"தொட்டில் இருக்குது, பிள்ளையைக் காணோம்;
எட்டிப் பார்த்தால் இன்னொன்று காணலாம்."

கீழ் லயத்துச் சின்னத்தாய் அங்கன்வாடித் தொட்டிலுக்கு வண்டியை விடச் சொன்னாள். ரிஜின் சிரித்தான். "சர்ச்சுக் குடில்தான்க்கா. குழந்தை உண்ணியேசுவ இருபத்தினாலாம் தேதி ராத்திரிதான வைப்பாங்க? அதுவரைக்கும் தொட்டில் காலி." சர்ச் முற்றத்து வைக்கோல் குடிலில், மாட்டுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் வெறுமையாக இருந்த சின்னத் தொட்டிலில் கடைசிச் சீட்டு கிடைத்தது.

"ஏறாத மேடில்லை, எனக்கென்று வீடில்லை;
ஊரே என் மடியில், உண்மையென் அடியில்."

இரண்டு கட்சியும் ஜீப்புக்குள் உட்கார்ந்து இதை ஆராய்ந்தன.

"பனிதான். பனி ஏறாத மேடு உண்டா?" என்றான் ரிஜின்.

"பனிக்கு மடி ஏதுடா? இது யானைப்பாறை. அது மேல நின்னா ஊரே அதோட மடியில கெடக்கும்" என்றாள் சின்னத்தாய்.

"பாறை எப்படிக்கா மேடு ஏறும்?"

"உன் பனிக்கு எப்படிடா அடி இருக்கும்?"

"ஜீப்பு" என்றார் அழகுமலை.

"அண்ணே, நீங்க பேசாம வண்டிய ஓட்டுங்க" என்றன இரண்டு கட்சிகளும். அன்றைக்கு அவர்கள் ஒன்றுபட்ட ஒரே இடம் அது.

யானைப்பாறைக்கு ஓட்டினார். பாறையைச் சுற்றி, அடியில், பொந்தில் எல்லாம் தேடினார்கள். ஒரு உடும்பு கிடைத்தது. திரும்பும்போது, வடகிழக்கு மழை விட்டுப்போன சேற்றில் பின்சக்கரம் புதைந்தது. ரிஜினும் மேல் லயத்து ஆண்களும் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் இறங்கி, தள்ளுகிறவர்களைத் திட்டினார்கள். வண்டி அசையவில்லை. அழகுமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குரல் கொடுத்தார்:

"சின்னத்தாயி, சீட்டத் தூக்கி அந்தச் சங்கிலிய எடு."

சின்னத்தாய் சீட்டைத் தூக்கினாள். சங்கிலியை இழுத்தாள். பிஸ்கட் டின் கூடவே வந்தது. மூடி தெறித்து, தடித்த பச்சைக் காய்கள் அவள் சேலையில் கொட்டின.

சேற்றில் நின்ற ரிஜின் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஏறாத மேடில்லை... வீடில்லை... ஐயோ, அடியில!"

"அண்ணே," என்றாள் சின்னத்தாய், காய்களை அள்ளிக்கொண்டே, "நீங்க நெசத்தைத்தான் சொன்னீகளா?"

"நான் என்னைக்கு வேற சொல்லிருக்கேன்?" என்றார் அழகுமலை. சொன்னது வெற்றியிலா, வருத்தத்திலா என்று அவருக்கே தெரியவில்லை.

சீட்டைத் தூக்கியது கீழ் லயம், வண்டியைத் தள்ளியது மேல் லயம். யார் ஜெயித்தது என்று சுவக்கீன் தீர்ப்புச் சொல்வதற்குள் வாயனசாலை முற்றத்தில் அண்டா கொதித்தது. முழுக்காய் தட்டிப்போட்ட டீயை எல்லோரும் குடித்தார்கள். இது வேறு டீ என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை மட்டும் கேட்டு வாங்கினார்கள். நன்றியுரையில் சுவக்கீன், நோட்டீசில் அச்சிட்டபடியே அழகுமலை உறுதியோடு ரகசியம் காத்ததாகச் சொன்னார். கைதட்டினார்கள். ஊரில் இனி அழகுமலை சொல்வதை யாரும் தட்டப்போவதில்லை என்பதும் அந்தக் கைதட்டலிலேயே முடிவாயிற்று.

ராமுத்தாய்க்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் காப்பாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளிடமே சொன்னாரே. ஆனால் ஞாயிறு வரை ரகசியம் காப்பாற்றப்பட்டிருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சில நாள் மனத்துக்குள் எடை போட்டாள். வருடம் பிறந்து இரண்டாம் வாரம், அவர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றாள்.

"சித்ராவுக்கு நாள் தள்ளிப் போயிருக்காம். இப்பத்தான் போன் பண்ணுனா. எனக்கும் அவ வீட்டுக்காரருக்கும் அப்புறம் உங்களுக்குத்தான் தெரியும். மூணு மாசம் முடியட்டும், வெளிய சொல்லக் கூடாது."

அழகுமலை சாவியைத் தேடுவதை நிறுத்தினார். சாவி கையிலேயே இருந்தது.

ஜீப் நிறைந்து கிளம்பியது. முதல் ஏற்றத்திலேயே சின்னத்தாய் ஆரம்பித்தாள். "என்னண்ணே, இன்னைக்கு என்ன சேதி? இப்பல்லாம் நீங்க சொன்னா அப்படியே நம்புறோம்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கை ஹார்னுக்குப் போயிற்று.

"என்னண்ணே, ஹாரன் மாட்டிக்கிருச்சா?"

அழகுமலை அன்று பூப்பாறை வரை ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தார். வேறெதுவும் சொல்லவில்லை.