எங்கள் வீட்டில் டிவியே கிடையாது

ஈரோட்டில் பிறந்து, கோவையில் பொறியியல் படித்த மதன், டெக்சாஸில் ஒரு சின்ன கேபிள் சேனலில் வந்து உட்கார்ந்தான். எந்த நிகழ்ச்சி எந்த மணிக்கு ஓட வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. ஊரில் சொன்னால் யாருக்கும் புரியாது. அவன் குடியிருந்த ஃபிரிஸ்கோவில் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். சுற்றியிருந்த மென்பொருள்காரர்களுக்கு டிவி கம்பெனி என்றால் வீட்டுக்கு வயர் இழுக்க வருகிறவன்தான். அதனால் சீனியர் மேனேஜர் என்ற பட்டத்துக்காக மதன் எதையும் செய்வான்.

அந்தப் பட்டம் சனிக்கிழமை காலை நிகழ்ச்சியில் சிக்கிக்கொண்டிருந்தது. மற்ற சேனல்கள் ஜப்பானியக் கார்ட்டூனான அனிமேயை ஒவ்வொன்றாகக் கைகழுவிவிட்டன. பிள்ளைகள் எல்லாம் போனிலும் ஸ்ட்ரீமிங்கிலும் பார்க்கிறார்களாம். மதனின் சேனலில் மட்டும் வாரம் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தது. அதையும் தூக்கலாமா என்று தலைவி கரோலுக்கு ஒரு தயக்கம். இந்தியக் குடும்பங்கள்தான் இன்னமும் கேபிளுக்குப் பணம் கட்டுகின்றன, அவர்கள் பிள்ளைகள் பார்க்கிறார்களா, விசாரித்துச் சொல், சரியாகச் சொன்னால் உன் பதவி உயர்வைப் பேசலாம் என்றாள்.

மதன் விசாரிக்கப் போன இடம் தமிழ்ப் பள்ளியின் பார்க்கிங். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர் காரில் சாய்ந்து நிற்கிற ஞாயிற்றுக்கிழமை.

"சனிக்கிழமை காலைல எங்க சேனல்ல அனிமே வருதுல்ல, உங்க பொண்ணு பாக்குதுங்களா?"

பிரீத்தி ஏதோ அசிங்கத்தைக் கேட்டதுபோல முகம் சுளித்தாள். "கார்ட்டூனா? ஐயோ மதன், எங்க வீட்ல டிவியே ஆன் பண்ண மாட்டோம். மானஸாவுக்கு செஸ், அது முடிஞ்சா வயலின். டைம் ஏது?"

கிரீஷ் இன்னும் ஒரு படி மேலே போனான். "டிவியை கராஜ்ல தூக்கிப் போட்டாச்சு ப்ரோ. பையன் மேத் ஒலிம்பியாட்க்கு ப்ரிப்பேர் பண்றான்."

அந்த மேதை பின்னால் நின்று குடையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக் காலில் சுழன்று, தூணை வெட்டிக்கொண்டிருந்தான். முந்தைய நாள் காலை ஓடிய அனிமேயில் கதாநாயகன் வெட்டிய அதே வெட்டு. மதன் பார்த்தான். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

"உங்க பையன் பாக்கறானா?" என்றான் கிரீஷ்.

"சேச்சே. எங்க வீட்ல ஸ்ட்ரிக்ட்டா நோ டிவி."

மதனின் மகன் முந்தைய நாள் தோசைத் தட்டோடு அந்த இரண்டு மணி நேரமும் டிவி முன்னால் அசையாமல் இருந்தான். அந்த நேரத்தில்தான் மதனின் மனைவி கயல் வாரத்துக்கான குழம்பெல்லாம் வைத்து முடிப்பாள்.

"ஒருத்தர் வீட்லயும் பாக்கறதில்லையாம்," என்றான் வீட்டுக்கு வந்து.

"நம்பிட்டீங்களாக்கும்? நம்ம பையன் பாக்கறத நீங்க அங்க சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? மானம் போகவா?"

"அவங்களுக்கு மட்டும் மானம் இல்லீங்களா?"

மதனின் கண்ணுக்குள் பட்டம்தான் வந்தது. ஓர் இந்திய வீட்டிலும் பார்ப்பதில்லை, விசாரித்துவிட்டேன் என்று கரோலுக்கு எழுதிப் போட்டான்.

அனிமே கதை பாதியில் நின்றது. அந்த நேரத்தில் வந்த வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சியில் ஒரு தம்பதி வாராவாரம் யாருடைய சமையலறையையாவது சுத்தியலால் இடித்துவிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறே பிரீத்தி பிடித்துக்கொண்டாள். "என்ன மதன், உங்க சேனலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? யாரோ கிச்சனை இடிக்கறாங்க. மானஸா அழுது வீட்டையே ரெண்டு பண்ணிட்டா."

"டிவியே ஆன் பண்ண மாட்டோம்னீங்க?"

"அது... தானா ஆன் ஆயிருக்கும்."

தானாக ஆன் ஆன டிவிகளை எல்லாம் அந்தக் குடும்பங்கள் தாமாகவே ஆஃப் செய்தன. பிள்ளை பார்க்காத கேபிள் எதற்கு? ஒவ்வொரு வீடாகத் துண்டித்தார்கள். சந்தா சரிந்ததும் கரோல் மதனின் அறிக்கையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். சீனியர் மேனேஜர் நாற்காலி வரவில்லை. இருந்த நாற்காலியும் போனது. வேலையோடு ஊழியர்களுக்கான இலவச இணைப்பும் போனது. கடுப்பில் மதன் டிவியையே விற்றுத் தொலைத்தான்.

மறுபடியும் பார்க்கிங். "உங்க பையன் இப்ப என்னதான் பாக்கறான்?" என்று கேட்டான் கிரீஷ்.

"எங்க வீட்ல டிவியே கிடையாதுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மை.

கிரீஷ் கண்ணடித்தான். "எங்க வீட்லயும்தான் ப்ரோ."