மேலக்கா மறுபடி ஏறிய நாள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் என் அக்காவின் பெயரை யாரும் கேட்டதில்லை. டவர் கிரேன் உச்சியில், பீரோ அளவுக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி இறக்குபவள். அதனால் மேலக்கா.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் மணல் சுமக்கத்தான் அங்கே போனாள். சுமந்துகொண்டே இரண்டு வருடம் கிரேனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு எழுதிப் போட்டாள். மேஸ்திரி சிரித்தார். "அம்மாடி, அது ஊஞ்சல் இல்ல."

"தெரியும். ஊஞ்சல்னா உங்களையும் கூப்பிட்டிருப்பேன்" என்றாள்.

முதல் முயற்சியிலேயே தேறினாள். அவள் சம்பளத்தில்தான் நான் ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்தேன். எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவளும் அவள்தான்.

கிரேன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். இருநூற்று அறுபது படி இறங்கி ஏறுவதற்குள் கீழே பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றுக்குப் போக இறங்கவேண்டி வருமே என்று தண்ணீரைக்கூடத் தொடமாட்டார்கள். மதியச் சாப்பாடு கயிற்றுப் பையில் மேலே போகும். பாதி நாள் அப்படியே திரும்பி வரும். அக்கா பகலெல்லாம் காய்ந்து, வீட்டுக்கு வந்து மூன்று வேளையையும் ஒரே வேளையில் சாப்பிடுவாள். முப்பத்தாறு வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கைகோத்துக்கொண்டு வந்தன. இரண்டுக்கும் தினமும் மாத்திரை.

போன வருட உடல் தகுதிச் சோதனையில் கம்பெனி மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த முறையும் இப்படியே இருந்தால் கிரேன் கிடையாது. அந்த அடுத்த முறைக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தாள். பத்து நாள் வெறும் தண்ணீர். சர்க்கரை ஓடியே போய்விடுமாம்.

"பட்டினி எனக்குப் புதுசா? மேல உக்காந்து பழகினதுதானே" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் விரலை நீட்டினாள். "படிச்சவனே, குத்திப் பாரு."

சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. எடையும் மூன்று கிலோ இறங்கியிருந்தது. நானும் அவளோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன். இறங்கியதில் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டம் வாங்கியவன் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை: மாத்திரையை என்ன செய்தாய்?

மாத்திரையை அவள் ஒரு வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். சோதனை வருகிறதே!

ஐந்தாம் நாள் பதினொரு மணி. கம்பிக் கட்டு பன்னிரண்டாம் மாடி உயரத்தில் தொங்குகிறது. கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்பவனை எல்லோரும் விசில் என்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்கா... அக்கா? தூங்கிட்டீங்களா?"

மேலே அக்காவுக்கு ஒரு கொக்கி இரண்டாகத் தெரிந்தது. கையெல்லாம் வியர்வை. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் ஒரு துடிப்பு. அடுத்த துடிப்பு வரத் தாமதம்.

"விசில், ஆளுங்களை ஒதுக்கு. கட்டைத் தரையில இறக்கறேன்."

"ஏன்கா, இங்கதானே..."

"ஒதுக்குடான்னா ஒதுக்கு."

கட்டு ஆடாமல் அசையாமல் தரையில் உட்கார்ந்தது. பிரேக்கைப் போட்டாள், மின்சாரத்தை அணைத்தாள். அதன் பிறகுதான் சொன்னாள்: "இப்ப சர்க்கரைத் தண்ணி எடுத்துட்டு மேல வா."

ஒன்பது வருடமாகத் தரையில் நின்று உயரத்துக்கு வழி சொன்னவன் விசில். ஒரு படிகூட ஏறியதில்லை. அன்று காவலாளியின் டீ டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளிக் கரைத்து, பாட்டிலைப் பல்லில் கடித்துக்கொண்டு இருநூற்று அறுபது படியும் ஏறினான். அதைக் குடித்து அக்கா தெளிந்த பிறகு, மீட்பு ஆட்கள் பெல்ட் கட்டி இருவரையும் இறக்கினார்கள். அதிகம் நடுங்கியது விசில்தான்.

ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் இதயத் துடிப்பின் படத்தை நீட்டிப் பிடித்தார். "உங்க உடம்புக்குப் பட்டினியைச் சமாளிக்கத் தெரியும்மா. சேமிச்ச சர்க்கரை தீர்ந்ததும் கொழுப்பை எடுத்துக்கும். ஆனா சாப்பாடே இல்லாதப்ப சர்க்கரை மாத்திரை இருக்கறதையும் இறக்கிடுச்சு. அழுத்த மாத்திரை தண்ணியோட பொட்டாசியத்தையும் வெளிய தள்ளிடுச்சு. அது குறைஞ்சா இதயம் தாளம் தப்பும்."

"அப்ப இன்னைக்கே நல்லா சாப்பிட்டுடறேன்."

"அதுவும் ஆபத்துதான். பட்டினி கிடந்த உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். இன்னொண்ணு, சோதனையில மூணு மாசச் சராசரிச் சர்க்கரையும் பாப்பாங்க. பத்து நாள் பட்டினியால அதை ஏமாத்த முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். "மூணு மாசம் முன்னாடி தின்னதெல்லாம் ரத்தத்துக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்கா."

"நம்ம அம்மாவை விட மோசமா இருக்கே."

கம்பெனி மூன்று மாதத் தவணை தந்தது. அதுவரை ஸ்டோர் ரூமில் ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கும் வேலை. இரண்டாம் நாளே 'கீழக்கா' என்று பெயர் மாறிவிட்டது. அவள் கோபப்படவில்லை. அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு ஹெல்மெட்டை மட்டும் ஒரு அளவு சிறியதாகக் கொடுத்தாள்.

மருத்துவர் மாத்திரைகளை மாற்றி எழுதினார். அவர் சொன்னபடி ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள், மறுபடி காலை எட்டுக்கு. பகலில் நேரத்துக்குச் சாப்பாடு, தாராளமாகத் தண்ணீர். நெஞ்சு சரியானதும் கட்டி முடித்த மாடிகளில் படியேறி நடந்தாள். முதல் வாரம் மூன்று மாடி, கடைசி வாரம் பதினாறு. வீடியோக்காரரை நினைக்கும் போதெல்லாம் இன்னொரு மாடி ஏறுவாளாம்.

சோதனை நாளில் அவள் ரத்த மாதிரி நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. தம்பி திருத்தினான் என்று யாரும் சொல்லக் கூடாது. பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டு நகம் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மூணு மாசச் சர்க்கரை எட்டு புள்ளி ஒன்பதா இருந்தது இப்ப ஆறு புள்ளி எட்டு" என்றாள் அவள். "யாருப்பா இது? நல்லா உழைச்சிருக்காங்க."

"எங்க அக்கா" என்றேன். அதை மூன்று முறை சொன்னதாக அவள் இன்றும் கேலி செய்கிறாள். அழுத்தம் சரி, இதயப் படம் சுத்தம்.

தகுதிச் சீட்டோடு அக்கா பொறியாளர் முன் போய் நின்றாள். "சார், ஏறறேன். ஆனா நடுவுல ரெண்டு தடவை இறங்குவேன். சாப்பிட, தண்ணி குடிக்க, மத்ததுக்கு. அந்த நேரத்துக்கு மாத்து ஆள் வேணும்."

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையே."

"மேலயிருந்து மயங்கி யாரும் சுமையைப் போட்டதும் இல்ல சார். நானும் போடல. அடுத்த ஆளுக்கு அந்த நிதானம் இருக்கும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

பொறியாளர் எழுதினார், மாற்று ஆள் கேட்டுக் கம்பெனிக்கு.

திங்கட்கிழமை அவள் ஏறுவதைப் பார்க்க நான் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். படிகளில் எங்கும் நிற்கவில்லை. வாக்கிடாக்கி கரகரத்தது.

"கீழக்கா, எங்க இருக்கீங்க?" என்றான் விசில்.

"அண்ணாந்து பாருடா."

பன்னிரண்டரைக்குக் கிரேனின் ராட்சதக் கை அசையாமல் நின்றது. மூன்று மாதம் முன்பு அப்படி நின்றபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். இன்று மாற்று ஆள் படியடியில் காத்திருந்தார்; வேறு ஒருவரும் வேலையை விட்டுத் தலை தூக்கவில்லை. மேலக்கா சாப்பிட இறங்கிக்கொண்டிருந்தாள்.