பாய்மரத்துக்கு இரண்டு இடம்

ஏலூர் உரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பிச்சுமணி, கொச்சி மட்டாஞ்சேரியில் யூசுப்பின் சுக்குக் கிடங்குக்குப் பின்னால், காயலை ஒட்டி, ஆஞ்சிலிப் பலகையில் தன் கையாலேயே ஒரு பாய்மரப் படகு கட்டினார். படகு மோசமில்லை. பெரிய பாயும் சுக்கானும் அவர் பொறுப்பு. முன்னாலுள்ள சின்னப் பாயின் கயிறு மனைவி காமாக்ஷியின் கையில். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தோப்பும்படிப் பாலம் வரை போய்வருவார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. கீமோ முடிந்து அவள் சோறு இறங்காமல் படுத்திருந்த நாட்களில் பிச்சுமணி பாய்மரத்தைக் கழற்றினார். அதன் அடி உட்காரும் கட்டையைப் பெயர்த்துவிட்டு, எஃகுச் சட்டம் பதித்து, மரத்தின் அடியைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் பீடம் ஒன்றைப் பொருத்தினார். போல்ட் போட்டு இறுக்க இரண்டே துளைகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வேலை சுத்தமாக வந்த மகிழ்ச்சியில் போனில் படமெடுத்துக் கொண்டுவந்து அவளிடமே காட்டினார்.

"இது என்னத்துக்காக்கும்?"

"முன்பாயைப் பிடிக்க ஆளில்லேன்னா படகு காத்தைப் பாத்துத் திரும்பி நின்னுடும். மரத்தை முன்னால தள்ளிட்டா ஒத்தையா ஓட்டலாம், நேரே போகும்."

"அப்போ நான்?"

பிச்சுமணி யோசித்தார். பொய் சொல்லிப் பழகாதவர்.

"நீ இருந்தா பின்னால வெச்சுக்கலாமே. அதுக்குத்தானே ரெண்டு துளை."

அவர் கெட்டவர் அல்ல. வரப்போவதை முன்கூட்டியே யோசிப்பதை நாம் அறிவு என்கிறோம். யார் கண்ணெதிரே யோசிக்கிறோம் என்பதை அந்த அறிவு கேட்பதில்லை.

மரம் முன்னால் போனது. அவர் தனியே ஓட்டினார். படகு நேராகவே போனது.

ஆனால் காமாக்ஷி பிழைத்துவிட்டாள். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்றே பிச்சுமணி ஓடிப்போய் மரத்தைப் பின் துளைக்கு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை, குட்டை முடியோடு அவள் துறைக்கு வந்தாள். அவர் முன்பாயின் கயிற்றை நீட்டினார்.

"நீங்கள் போங்கோ. நான் இங்கே நின்னுண்டு பாக்கறேன்."

தனியே போனார். பாதிக் காயலில் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. பாய் படபடத்தது. கிடங்கு வாசலிலிருந்து யூசுப் கத்தினார்: "எந்தா சாமி, வள்ளம் பிணங்கி நிக்குதா? வீட்டுல கேட்டுட்டு வரலையா?"

துடுப்பு வலித்துத் திரும்பி, தெறித்த தண்ணீரில் நனைந்து கரையேறியவரிடம் காமாக்ஷி துண்டை நீட்டினாள்.

"ஏன்னா, மரத்தை முன்னால தள்ளி வைக்கப்படாதோ? நேரே போகுமே. நீங்கள்தானே பண்ணினேள்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவள் தவறாமல் வந்து நிற்கிறாள். மரத்தை முன்னால் நகர்த்த அவருக்குக் கை வரவில்லை; படகு வாராவாரம் பாதிக் காயலில் திரும்பி நிற்கிறது. படகை விற்றுவிடலாம் என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"என்னத்துக்கு?" என்றாள் காமாக்ஷி. "எனக்குப் பொழுது போறதே."