முதலாளி காருக்கு மூச்சடைப்பு

அங்கப்பன் காருக்கே மரியாதை கொடுத்துப் பேசுகிற ஆள். தொண்ணூற்றாறு மே மாதம், சிங்காநல்லூரில் காருக்கு ஏசி பார்க்கும் என் பட்டறைக்குள் அந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏனுங்க, இவங்களுக்கு ரெண்டு வாரமா ஒடம்பு சரியில்லீங்க" என்றார். யாரோ பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வழியில் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பின் சீட்டை எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

பதினேழு வருடமாக அவர் மில் முதலாளி கோவிந்தராஜுலுவின் டிரைவர். காருக்குள் குளிர்காற்று வரும் வழி நான்கு. நான்கையும் பின் சீட்டைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. முதலாளி பின்னால் சால்வை கேட்பார். முன்னால் அங்கப்பன் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். இவ்வளவு பணிவு உடம்புக்கு ஆகாது என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதற்கும் "ஆமாங்க" என்றார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மனைவி மாசாணியம்மாள் அதே மில்லில் பதினொரு வருடமாகப் பஞ்சு பிரிக்கும் அறையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடமாக விடாத இருமல். பஞ்சை விட்டுத் தள்ளி வந்தால்தான் நெஞ்சு தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூல் சுற்றும் பக்கம் மாற்றிக்கொடுங்கள் என்று அந்த அம்மாள் கார் பக்கத்திலேயே நின்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "பஞ்சு லட்சுமி, அம்மணி. லட்சுமி யாருக்காச்சும் இருமல் குடுப்பாளா?" என்று சொல்லிவிட்டு முதலாளி ஏறிக்கொண்டார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அங்கப்பன் அதைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

இனி காருக்கு வருவோம். ஏசி குளிராததற்குக் காரணம் கேஸ் லீக் என்று முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டதால், டவுனில் இரண்டு கடைகளில் மறுபேச்சில்லாமல் கேஸ் ஏற்றியிருந்தார்கள். நான் பார்த்தபோது கேஸ் தேவைக்கு மேலேயே இருந்தது. காரின் முன்பக்கக் கம்பித் தட்டியைக் கழற்றினேன். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் இருக்கும். ஏசியின் சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். அதன் இடுக்குகளில் காற்று புகுந்து வெளியேற வேண்டும். இங்கே காற்றுக்கு இடமே இல்லை, பஞ்சு மெத்தையாக அப்பியிருந்தது. பஞ்சு அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் தூசி தள்ளும் சுவர் ஓரத்தில்தான் நிழல் என்று, நாள் முழுக்க அங்கேயே காரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் முதலாளி. இது அங்கப்பனுக்கும் தெரியும். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். தன்னை யாரும் கேட்கவில்லை என்றார்.

போன் போட்டதும் மேனேஜரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வியர்த்து வழிய வந்து இறங்கினார் முதலாளி. அவர் கண்ணெதிரேயே பஞ்சை உரித்தெடுத்தேன். ஒரு தலையணைக்குத் தேறும். அது தன் மில் பஞ்சே இல்லை, காங்கேயம் போய் வந்தபோது ஒட்டியிருக்கும் என்று சாதித்தார். காங்கேயத்தில் ஆட்டுவது தேங்காய் எண்ணெய். தேங்காயிலிருந்து பஞ்சு வராது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிழைப்பு ஓட வேண்டுமே.

பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெல்லிய பிரஷ் போட்டு, அதிகப்படி கேஸை இறக்கினேன். ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடம் உள்ளே ஜில்லென்று ஆனது. முதலாளி ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி, காரின் கதவைத் தடவிக்கொடுத்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தடவியிருப்பாரா என்பது சந்தேகம்.

"மூச்சு முட்டிப்போயிருக்குது பாரு, பாவம். அங்கப்பா, இனி இதைப் பஞ்சுப் பக்கமே நிறுத்தக் கூடாது. நாளைக்கே தனியா ஒரு ஷெட் போடச் சொல்லு."

அங்கப்பன் கையைக் கட்டிக்கொண்டார். "சரிங்க மொதலாளி. அப்படியே மாசாணியையும் கொஞ்சம் தள்ளி நிறுத்திப்போடலாமுங்களா?"

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நிஜமாகவே, அதே பணிவோடுதான் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் ஒருவன்தான். முதலாளி கண்ணாடியை ஏற்றினார்.

பத்து நாள் கழித்துச் சோதனைக்குக் கார் வந்தது. ஓட்டி வந்தது வேறு ஆள். அங்கப்பன் எங்கே என்று கேட்டேன்.

"பஞ்சு பிரிக்கப் போட்டுட்டாங்க. பொண்டாட்டி மேல அத்தனை அக்கறை இருந்தா, கூடவே நின்னு பாத்துக்கட்டும்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பேனரை வீசியெறியலாம் போலிருந்தது, எறியவில்லை. குனிந்து கண்டென்சரைப் பார்த்தேன். ஷெட் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு இழை பஞ்சு இல்லை.