வாரத்து மாட்டுச் சாணி

கிராம சேவகனாக இருந்த காலத்தில் நான் சாணியிலிருந்து மின்சாரம் எடுக்கப் போனேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு அதில் நிறையவே இருக்கிறது, ஆனால் சாணியைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, என்னையும் சேர்த்துத்தான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமத்தைக் கொடுத்திருந்தார்கள். மின்கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்காகக் காத்திருப்பானேன் என்று எங்கள் அதிகாரிக்கு ஒரு யோசனை பிறந்தது. கிணறு போல ஒரு குழி வெட்டி, சாணியைக் கரைத்து ஊற்றினால் காஸ் உண்டாகும். குழியின் மேல் கவிழ்த்த இரும்பு டிரம், காஸ் சேரச் சேர மேலே எழும்பும். அந்தக் காஸில் ஒரு இன்ஜின் ஓடும். காலையில் அது தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பும். மாலையில் டைனமோவைச் சுழற்றி ஊருக்கு விளக்குப் போடும். அப்புறம் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் கம்பி இழுத்துவிடலாம். "இந்த வட்டாரத்துக்கே நாமதான் பவர் ஹவுஸ்" என்று மேஜையைத் தட்டினார். அவர் அதுவரை ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தவரில்லை.

ஊருக்கு நல்ல கிணறு இருந்தது. சேரிக்குக் கிணறு இல்லை. சேரிப் பெண்கள் குடத்தோடு ஊர்க் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நிற்பார்கள். தண்ணீர் இறைக்க வருகிற யாருக்காவது மனம் வந்தால் ஊற்றுவார்கள். வராவிட்டால் நிற்க வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி பஞ்சாயத்துத் தலைவரின் கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். சேரிக்காரர்களுக்கு அவர் 'ஆண்டே'. விடிந்ததும் அவர் மாடுகளின் சாணியை அள்ளிவிட்டு, அந்தக் கையைக் கழுவுகிற தண்ணீருக்கு அவர் வீட்டார் வரும்வரை நிற்பாள். நான் குழிக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தபோது அவள்தான் வந்து கேட்டாள்.

"தண்ணித் தொட்டிலருந்து எங்க தெருவுக்கும் கொழா வருமா சார்?"

"வரும். டிரம்மு மேல வந்தா இன்ஜின் ஓடும். இன்ஜின் ஓடுனா உங்க தெருவுல தண்ணி வரும்" என்றேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த மாதிரி, தெளிவாக, பாமரருக்கும் புரியும்படி சொன்னேன். அந்தத் தெளிவை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

இன்ஜின் ஓட வேண்டுமானால் ஊர் மாட்டுச் சாணி மட்டும் போதாது, சேரி மாட்டுச் சாணியும் சேர வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு இதைச் சொன்னேன். முதலில் ஒருவர் எழுந்து, காஸை எடுத்துவிட்டால் எருவில் சாரம் போய்விடுமே, மல்லாட்டை எப்படி விளையும் என்றார். நிலக்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். சாரம் போகாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுச் சாணியை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தலைவரின் கவலை வேறு. "சேரி மாட்டு சாணி அந்தக் குழியில வுழக் கூடாது தம்பி. அந்தக் காஸுல எரியற வெளக்கு கோயில்லயும் எரியும்ல?"

"காஸுக்கு ஏதுங்க தீட்டு?"

"உங்களுக்கு டவுன்ல எல்லாம் சரி. இங்க நாங்க நாலு பேரு மாதிரி இருக்கணும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், சேரியில் கட்டியிருந்த மாடுகளில் பாதிக்கு மேல் ஊர்க்காரர்களுடையவை. கிடேரிக் கன்றை வாரத்துக்கு விடுவார்கள். சேரிக்காரர் புல் அறுத்துப் போட்டு வளர்க்க வேண்டும். ஈன்ற பிறகு கன்றிலோ விலையிலோ பாதி பிரித்துக்கொள்வார்கள். தலைவரின் கொட்டகையிலேயே ஒரு மயிலைப் பசு நின்றது. அதன் கூடப்பிறந்த பசு சேரியில் நின்றது. ஒரே வயிற்றில் பிறந்தவை. இங்கே போட்டால் வாசல் தெளிக்கலாம், அங்கே போட்டால் குழியில்கூட விழக் கூடாது. பாலைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சேரி மாட்டுப் பால் திண்டிவனத்துக் காப்பிக் கடைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதிகாரியிடம் முறையிட்டேன். "ஊரோட ஒத்துப் போங்க. திறப்பு விழாதான் முக்கியம்" என்றார். நானும் ஒத்துப் போனேன். அறிக்கையில் 'பொதுமக்கள் ஒத்துழைப்பு நன்று' என்று என் கையால் எழுதினேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் ஜீப்பில் வந்தார். டிரம் ஒரு சாண்கூட எழும்பியிருக்கவில்லை. அதனால் இன்ஜினை முழுக்க முழுக்க டீசலில் ஓட்டினோம். பட்டப்பகலில் பல்புகள் எரிந்தன. சேரிக் குழாயில் தண்ணீர் கொட்டியது. குழாய் வருமா என்று கேட்ட அவள்தான் முதல் குடம் பிடித்தாள். பிடித்துவிட்டு, நிரம்பி வழிகிற குடத்தைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். 'சாணியின் சக்தி' என்று பெரிய மனிதர் அரை மணி நேரம் பேசினார். சாணி நாற்றம் அடிக்காதபடி அவர் நாற்காலியைக் காற்றுக்கு எதிர்ப்புறம் போட்டிருந்தோம். ஜீப் போனது, டீசல் தீர்ந்தது, குழாய் நின்றது. இன்ஜின் மேல் ஒரு கோணியைப் போட்டு மூடினார்கள்.

கொஞ்சநஞ்சம் ஊறுகிற காஸ் வீணாகப் போகலாமா? போகக் கூடாது என்று தலைவருக்குப் பொதுநலம் பொங்கியது. குழி அவர் கொட்டகைக்குப் பின்னால்தான் இருந்தது. சேரியே மல்லாட்டை பிடுங்கப் போயிருந்த வாரத்தில், திண்டிவனத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டு இன்ஜினுக்குப் போகிற குழாயைத் துண்டித்து, மண்ணுக்கடியில் தன் சமையலறைக்குத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வருகிறவர்களையெல்லாம் அடுப்படிக்கு அழைத்துப் போய் நீலச் சுடரைக் காட்டுவார். "எங்க வூட்டு மாட்டு சாணி மட்டும்தான். சுத்தமான காஸு." எனக்கும் அதில் போட்ட காப்பி கிடைத்தது. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று உறுத்தியது. அவர் கொட்டகைச் சாணியில் பெரும்பகுதியை எருக்குழிக்கு அனுப்பிவிட்டு, ஒரு கூடைதான் இதற்கு விட்டிருந்தார். ஒரு கூடையில் அப்படி எரியாது. டிரம்மோ தளும்பத் தளும்ப மேலே நின்றது. ஒருநாள் காலை ஏழு மணிக்கே சைக்கிளில் போனேன். சாணி கரைக்கிற தொட்டியருகே அவளும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றார்கள். ஆறு கூடைகள் இருந்தன.

"இதெல்லாம் எங்கருந்தும்மா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்க தெரு சாணிதான் சார். ஆண்டே கிட்ட சொல்லிடாதீங்க. வறட்டிகூடத் தட்டாம கொணாந்து கொட்றோம். டிரம்மு மேல வந்தா இன்ஜின் ஓடும்னு நீங்கதான சொன்னீங்க? இப்பத்தான் நல்லா ஏறிக்கினு வருது. எப்ப சார் ஓட்டுவாங்க?"

பத்து மாதமாகக் கொட்டியிருக்கிறார்கள். ஊரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சாணிக் கூடையைத் தலையில் வைத்தவளை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை.

"ஆண்டே வூட்டு அடுப்புக்குப் போறது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது மிச்ச காஸுன்னு சொன்னாரே."

குழாயைத் திருப்பிவிட்டதைச் சொன்னேன். அத்தனையும் அடுப்புக்குத்தான் போகிறது, இன்ஜினுக்கு வழியே இல்லை என்றேன். கரைத்த கையோடு என்னைப் பார்த்தாள். என் வாழ்நாளில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் முன்னாலும் நான் அப்படிக் கூனிப் போனதில்லை. மிச்சமிருந்த கூடைகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் திரும்பிப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் டிரம் இறங்கிவிட்டது. தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இன்னா தம்பி உங்க பிளான்ட்டு, ஒரே பேஜாரா இருக்கு? பால்கூடக் காய மாட்டேங்குது. கோயிலுக்குப் பொங்கலே இந்த அடுப்புலதான் வெச்சிக்கினு இருந்தோம்." சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அப்போது அவள் அவருடைய ஒரு கூடைச் சாணியோடு எங்களைக் கடந்து போனாள். நின்றாள்.

"டிரம்மு எறங்கிப்போச்சா ஆண்டே? எங்க தெருவுல கொழா தொறந்தா அது தானா ஏறும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கொழாக்கும் டிரம்முக்கும் இன்னாடி சம்பந்தம்? கேட்டீங்களா தம்பி, இவ சொல்றத? படிச்சவரு, நீங்களே இவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அடி விழும் என்று பயந்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தது என் வேலைக்குத்தான். "மாட்டுக்குத் தீனி பத்தலைங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி அவள் தெருப் பெண்கள் குடங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள்.