சினை என்று விட்ட மீன்கள்

வலையிலிருந்து மீனைப் பிரித்ததும் அவருடைய கட்டைவிரல் தானாக அதன் வயிற்றுக்குப் போகும். மெல்ல ஓர் அழுத்து. வயிறு ஒட்டியிருந்தால் மீன் கூடைக்கு, உப்பியிருந்தால் ஏரிக்கு. அதைத் தூக்கி எறியமாட்டார். கையைத் தண்ணீருக்குள் விட்டு விரல்களை விரிப்பார். மீன் நின்று யோசித்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளின் வயிற்றையும் அதே விரலால் அழுத்தி, "கூடையா, ஏரியா?" என்று கேட்பார். பசி என்றால் கூடை, சாப்பிட்டாயிற்று என்றால் ஏரி. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய் விடுமுறையில் வீடு திரும்பும் வயதிலும் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

ஆள் நல்ல உயரம், முகம் நிறைய மீசை. ஏரிக்கரையில் அவருக்கு வைத்த பெயர் மருத்துவச்சி. சினை மீனைக் கொல்லக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். படகில் துடுப்புப் போடும் மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, மீன் தண்ணீருக்குத் திரும்பும்போதெல்லாம், "தாயும் சேயும் நலமா, மாமா?" என்பான். அவரும் சளைக்காமல், "பொறந்ததும் உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன், மாப்ளே" என்பார்.

அவர் வலை போடும் கீழ் ஏரியில் கிடைப்பது விரல் நீள வெள்ளி மீன். யாரும் அதை வகுந்து பார்ப்பதில்லை. முழுசாக வெயிலில் காயவைத்து மூட்டை கட்டித் தீவன ஆலைக்கு அனுப்புவார்கள். உப்பிய வயிற்று மீன் சரியாகக் காயாது, நாறும்; அதனால் அவர் சொன்னதை மற்றவர்கள் ஏற்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஆனாலும் சங்கத்தில் பேசி, சண்டை போட்டு, எல்லாப் படகுக்கும் அதை ஒரு விதியாக்கியது அவர்தான். எடைக் கொட்டகையின் சுவரில் அந்த விதியை எழுத வேண்டியிருந்தது. அவருக்கு எழுத்து வராது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் நீலப் பெயிண்டில் எழுதினாள்: 'வயிறு உப்பிய மீனை விட்டுவிடவும்.' கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கீழே இறங்கிப் போயிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாலு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வருடம் பூராவும் உப்பிய வயிறுகள் வலையில் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஏரி வளமான ஏரி, எந்த மாதமும் சினைதான் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். அவருக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பேறுகாலத்தையும் கெடுத்ததில்லை என்பது ஒன்றுதான் அவர் நிமிர்ந்து சொல்லிக்கொண்டது.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மகள். மேலே என்ன படிக்கிறாய் என்று அவளுடைய மாமா, துடுப்புப் போடும் அந்த மைத்துனன், கேட்டதற்கு, "மீனுக்குள்ள இருக்கற புழு" என்றாள். "இதுக்கா ஊரு விட்டு ஊரு போன? இங்கேயே கொட்டகையில உக்காந்திருந்தா தானா ஊர்ந்து வந்திருக்கும்" என்றார் மாமா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "புழுவும் ஒரு உயிர்தானே. அதுக்கும் ஒரு கதை இருக்கும்" என்றார்.

கதை இருந்தது. பறவையின் குடலில் நாடாப்புழு முட்டையிடுகிறது. எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சைக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி தின்கிறது, பூச்சியை மீன் தின்கிறது. மீனின் வயிற்றுக்குள் புழு வளர்கிறது. பாரம் தாங்காமல் மீன் மந்தமாகி மேல்மட்டத்தில் நீந்த, பறவை கொத்திக்கொண்டு போகிறது. புழு வந்த இடத்துக்கே போய்ச் சேர்கிறது.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது இரண்டு ஏரிகள். மேல் ஏரி ஊருக்குக் குடிநீர் கொடுப்பது. சுற்றிக் கம்பிவேலி, வலை போடத் தடை. கீழ் ஏரி அப்பாவுடையது. ஒரே பறவைக் கூட்டம்தான் இரண்டிலும் இறங்கும். ஒரே புழுதான் இரண்டிலும். ஆனால் மேல் ஏரி மீனை அறுத்துப் பார்த்தால் வயிற்றின் உட்சுவரிலிருந்து வெள்ளை நார்போல வடு படர்ந்து புழுவை இறுக்கிக் கட்டிப்போட்டிருந்தது. புழு அரிசிமணி அளவோடு நின்றுபோயிருந்தது. கீழ் ஏரி மீனில் வடுவே இல்லை. புழு மீனின் நீளத்துக்கு வளர்ந்து மடிந்து கிடந்தது. மீன்களின் வால்துண்டுகளிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்ததிலும் அதேதான் வந்தது. வடுவை உண்டாக்கும் மரபணு வகை மேல் ஏரியில் பெரும்பாலான மீன்களில் இருந்தது. கீழே அது அபூர்வம்.

வழிகாட்டியான பேராசிரியை முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதே புழு, அதே பறவை. கீழ மட்டும் மீனோட உடம்பு சண்டை போடறத ஏன் விட்டுச்சு? அங்க மீன் பிடிக்கறவங்க எந்த மீன எடுக்கறாங்க, எத விடறாங்க? அதப் பாத்தியா?"

கேள்வி முடியுமுன்பே மகளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. புழுவைக் கட்டிப்போட்ட மீனின் வயிறு ஒட்டியே இருக்கும். அது கூடைக்குப் போனது. எதிர்க்காமல் புழுவை வளரவிட்ட மீன் உப்பிப் போகும். அதை ஒரு கை பத்திரமாகத் தண்ணீரில் விட்டது, அது தன்னைப் போலவே எதிர்க்காத இன்னொன்றைப் பெற்றுப்போட. பிறகு பறவைக்கு இரையாகி, ஏரிக்குத் திரும்பவும் புழு முட்டை கொண்டுவர. வருடக்கணக்கில், எல்லாப் படகிலும், சுவரில் அவள் எழுதிய விதிப்படி.

"விசாரிச்சுச் சொல்றேன், மேடம்" என்றாள்.

அதன்பிறகு சில வாரங்கள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாதிரி நிறைய இருக்கிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் அறைக்குத் திரும்பியதும் ஒரே யோசனை. படிக்கவைத்தவர் அவர். படித்து முடித்து முதலில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது இதையா? சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஏரிக்கு. மீனுக்கு. அப்பாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த நினைப்பு நிம்மதியாக இருந்தது; நிம்மதியாக இருந்ததாலேயே அதன்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அவள் வராததைப் பார்த்து அப்பாவே வந்துவிட்டார். துவைத்த சட்டை, ஏரிக்குப் போகாத நாளில் மட்டும் போடும் செருப்பு. ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் நுண்ணோக்கி, பக்கத்தில் தட்டு, தட்டில் அன்று காலை ஆய்வுக்கூட உதவியாளர் கீழ் ஏரியில் பிடித்து வந்த மீன்கள். அவர் கட்டைவிரல் போய் ஒன்றைத் தொட்டது.

"என்னம்மா, சினை மீனையா எடுத்துட்டு வந்த?"

"உக்காருங்கப்பா."

"உக்காந்தா உயிர் வந்துடுமா இதுக்கு?" பிறகு குரல் இறங்கியது. "சரி, படிப்புக்குன்னா என்ன பண்றது. அறு, பாக்கறேன். இத்தன வருஷத்துல சினைய உள்ள பாத்ததே இல்ல."

ஒரு வார்த்தை போதும். இன்று அறுக்கவில்லை, டீ குடிக்கப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கத்தியை எடுத்தாள். கை பழகிய வேலை என்பதால் நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளை வெகுநாள் உறுத்தியது.

வயிறு திறந்ததும் வெள்ளையாக, பட்டையாக, மடிப்பு மடிப்பாக அது வெளியே சரிந்தது. மெல்ல நெளிந்தது.

"முட்டை எங்க?" என்றார்.

"இதுல முட்டை இல்லப்பா."

"புழு தின்னுடுச்சா?"

"இல்ல. இது ஆண் மீன்."

அவர் அடுத்த மீனைத் தானே நகர்த்தி வைத்தார். அறுத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தார். அதிலும் புழுதான்.

"எல்லாமேவா?"

"சீசன்ல கொஞ்சம் நிஜமாவே சினை இருக்கும்பா."

"கொஞ்சம்" என்றார்.

மேல் ஏரி மீன் ஒன்றையும் காட்டச் சொன்னார். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வடு புழுவைக் கட்டிப்போடுவதையும், உடம்பின் பலமெல்லாம் அந்தச் சண்டைக்கே போவதால் அப்படிக் கட்டிப்போடும் மீன் முட்டை குறைவாகத்தான் இடும் என்பதையும் அவள் சொன்னாள்.

"இதோட வயிறு வெளிய எப்படி இருக்கும்?"

"ஒட்டி இருக்கும்."

"அப்ப கூடை" என்றார். மீதியை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "நீ இத எழுதுவதானே? என்னன்னு எழுதுவ?"

"மீன் பிடிக்கறவங்க தேர்ந்தெடுக்கறதும் ஒரு காரணமா இருக்கலாம்னு."

"இருக்கலாமா? உங்கப்பனுக்காக இருக்கலாமா?"

"உங்களுக்காக இல்லப்பா. உறுதியாத் தெரியாது, அதனால. வேற காரணமும் இருக்கலாம்."

அவர் தலையாட்டினார். கை கழுவும் தொட்டியில் கட்டைவிரலை மட்டும் வெகுநேரம் தேய்த்துக் கழுவினார். பஸ் ஏறும்போது, "உனக்குத் தெரியாம இருக்கலாம். விட்டது என் கை. எனக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் கொட்டகைச் சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார். சங்கத்தில் எழுந்து, அறுத்தபோது பார்த்ததைச் சொல்லி, இனி உப்பியதை எடுத்துக் கரையில் புதைக்க வேண்டும், ஒட்டியதில் பாதியையாவது ஏரிக்கு விடவேண்டும் என்றார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன மாமா, மருத்துவச்சி வேலைய ராஜினாமா பண்ணிட்டீங்களா?" என்றான் மைத்துனன்.

"நான் பிரசவம் பாத்ததெல்லாம் ஆம்பளைங்கடா, மாப்ளே."

கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துச் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ஆனால் விதியை யாரும் ஏற்கவில்லை. விற்கிற மீனை விட்டுவிட்டு விற்காததை எடுக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? "ஒட்டின வயித்த ஏரிக்கு விட்டா நம்ம வயிறு ஒட்டிடும்" என்று மைத்துனன் சொன்னதுதான் எல்லோருடைய தீர்ப்பும்.

அவர் மட்டும் தன் பங்கு மீனில் செய்தார். விரல்தான் பேச்சைக் கேட்கவில்லை. உப்பிய வயிற்றில் பட்டதும் கை தானாகத் தண்ணீருக்குப் போகும். பாதியில் நிறுத்தி, திருப்பி, வாளியில் போடுவார். விடுமுறையில் படகில் கூட வந்த மகள் அந்தப் பாதியில் நிற்கும் கையைப் பார்க்க முடியாமல் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாலையில் வாளியைக் கரைக்கு மேலே கொண்டுபோய், பறவை கிளறமுடியாத ஆழத்தில் புதைத்தார்.

"எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டார்.

ஒரு படகு, அதில் ஒருவர் பங்கு. ஏரி முழுக்க மீன். கணக்கு அவளுக்குத் தெரியும். "மீனுக்குப் பல தலைமுறை ஆகும்பா."

"மீனோட தலைமுறை சின்னதுதானே?"

"சின்னதுதான்."

"அப்ப சரி" என்றார். ஒரு படகு போதாது என்பதை அவள் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் கட்டில் ஓரம் மகள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. விரல் மெதுவாக வந்து அவள் வயிற்றில் அழுந்தியது.

"கூடையா, ஏரியா?"

"ஏரி."

"பொய்" என்றார். "போய்ச் சாப்ட்டு வா." சிறிது மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் படுத்துட்டதால இந்த வாட்டி வாளி நெறையல. உங்க மாமா கிட்ட சொல்லு" என்றார்.

அந்த வாரமே போய்விட்டார்.

அவளுடைய கட்டுரை வெளியானது. 'இருக்கலாம்' என்ற சொல் அதில் அப்படியே இருக்கிறது. மாமா இப்போது தனியாகத் துடுப்புப் போடுகிறார். படகில் ஒரு வாளி கிடக்கிறது, உப்பிய மீன்கள் அதற்குத்தான் போகின்றன. ஏன் என்று கேட்டால், சும்மா பழக்கதோஷம் என்பார். ஒட்டியதை அவர் விடுவதில்லை, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் மகள் மாதிரி எடுக்க வரும்போது கரையில் காத்திருந்து கேட்பார்.

"உங்கப்பா ஏரிக்கு வச்சிட்டுப் போன பாக்கி ஏதாச்சும் குறைஞ்சிருக்கா?"

அவள் தட்டிலிருந்து கடைசி மீனை எடுத்து வயிற்றைத் திறந்து பார்ப்பாள். உட்சுவர் வடுவே இல்லாமல் வழவழவென்று இருக்கும்.

"இல்ல, மாமா."