ஜெசிந்தாவின் பங்கு ரோசா

1. விடுபட்ட ஆள்

பூக்களைத் தரம் பிரிக்கும் சோட்டிங் மேசை ஓரமாக நாங்கள் வரிசையில் நின்றோம். முதலாளி கெல் ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்பு ரோசா கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது.

"அன்ரன், உன்ர மனிசி இஞ்ச இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு, அடுத்து நின்றவனுக்குப் பூவை நீட்டினார்.

டென்மார்க்கில், பிரெடெரிசியா நகருக்கு வெளியே இருந்த அந்த ரோசாத் தோட்டத்தில், கண்ணாடிக் கூடத்துக்குள், நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் மொன்ஸே. கத்தலோனியாக்காரி, டேனிஷ்காரரைக் கட்டி வந்தவர், சோட்டிங்கில் எங்களுக்கு மேலாள். அவருடைய ஊரில் ஏப்ரலில் ஒரு புனிதரின் திருநாள். அன்று ஆண் பெண்ணுக்கு ரோசா கொடுப்பான், பெண் ஆணுக்குப் புத்தகம் கொடுப்பாள். குதிரை, ஈட்டி என்று அவர் சொன்னபோது நான் எங்கள் ஊர்க் கோயில்களில் குதிரையில் இருக்கும் சந்தியோகுமையோர் என்றே நினைத்தேன். "அவரில்லை, பறவைநாகத்தை, அந்த டிராகனைக் குத்தினவர்" என்று மொன்ஸே திருத்தினார். யோர்ஜியார், புனித ஜோர்ஜ். புனிதர்களில் நம்பிக்கையே இல்லாத கெல், மொன்ஸேயின் நச்சரிப்புத் தாங்காமல்தான் வருடத்துக்கு ஒரு பூவுக்குச் சம்மதித்திருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. என் மனைவி ஜெசிந்தா யாழ்ப்பாணத்தில், ஷெல் விழும் இடத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்கு "பரிசீலனையில் உள்ளது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடமே சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்திருந்தது பிறகுதான் வெளியில் வந்தது. அதைத்தான் தமிழர் வழக்கு என்கிறார்கள்.

"அவ வர மாட்டன் எண்டு சொல்லேல்லை. உங்கட நாடுதான் விடுகுதில்லை. அவவின்ர பூவைத் தாங்கோ" என்றேன்.

கெல் முகம் சிவந்தார். கழித்த பூக்கள் கிடந்த வாளிக்குள் கையை விட்டு, கழுத்து வளைந்த பூ ஒன்றை எடுத்து நீட்டினார். "சரி, இதைக் கொண்டுபோ."

"இவையின்ர மனிசிமாருக்கு முதல் கிளாஸ், என்ர மனிசிக்குக் கழிச்சதோ? முதல் கிளாஸ் தாங்கோ."

மொன்ஸே கெல்லின் முகத்தைப் பார்க்கவேயில்லை. நல்ல வாளியிலிருந்து நீளக் காம்புப் பூவாகப் பார்த்து எடுத்தார். அவருடைய ஊர் முறைப்படி ஒரு கோதுமைக் கதிரைச் சேர்த்து, சிவப்பும் மஞ்சளுமான ரிபனால் கட்டினார்.

"எங்கட ஊரை ஒரு ஜெனரல் ஆண்டவன். எங்கட மொழியை அமுக்கி வைச்சவன். அப்பவும் நாங்கள் இந்தப் பூவோட தெருவுக்கு வந்தனாங்கள். நீயும் கொண்டுபோ."

"எங்க கொண்டுபோறது?"

"ஆர் அவவை மறிச்சு வைச்சிருக்கினமோ, அவையிட்ட."

2. கவுண்டர்

அடுத்த வேலை நாள் லீவு போட்டேன். அந்தக் காலத்தில் கடலுக்குப் பாலமில்லை. ரயிலே கப்பலுக்குள் ஏறித்தான் கொப்பன்ஹேகன் போகும். பூவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் நான் பெண் பார்க்கப் போவதாக நினைத்திருப்பார்கள்.

விண்ணப்பங்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தார். பூவைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"நாங்கள் அன்பளிப்பு வாங்கிறதில்லை. சட்டம் அப்பிடி."

"இது அன்பளிப்பில்லை. என்ர மனிசியின்ர சாமான். அவவை நீங்கள் விடும்வரைக்கும் கவனமா வைச்சிருங்கோ."

பூவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். சட்டத்தைப் பற்றி எங்களுக்கா பாடம்! அதை மீறியது யார் என்பதை நாடே பிறகு பார்த்தது.

அடுத்த ஏப்ரலிலும் போனேன். அதற்கடுத்ததிலும் போனேன். இரண்டாம் முறை கெல் வாய் திறக்காமல் முதல் கிளாஸ் பூவையே என் கையில் தந்தார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, "காம்பில ஈரக் கடதாசி சுத்து. ரயில் சூட்டில தலை தொங்கிப்போடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கடதாசியைச் சுற்றினேன்.

3. புத்தகம்

தடை நீங்கிய பிறகும் எங்கள் விண்ணப்பம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. ஒரு வழியாக ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். அவள் வந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் தமிழர் வழக்கின் விசாரணை அறிக்கை புத்தகங்களாக வெளிவந்தது. அதனால் அரசாங்கமே பதவி விலகியது.

அந்த ஏப்ரலில்தான் முதல்முதலாக என் பூ வீட்டுக்குப் போனது. பெண் புத்தகம் கொடுக்கும் முறை தெரியுமா என்று மொன்ஸே ஏற்கெனவே அவளிடம் கேட்டிருந்தார். ஜெசிந்தா அலுமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். அந்த அறிக்கையின் ஒரு பாகம்.

"புத்தகக் கடையில போய் 'தமிழர்' எண்டு மட்டும் சொன்னன். இதைத்தான் எடுத்துத் தந்தவங்கள். எங்கட கதைதானே, வாசியுங்கோ. அதுக்கு முதல் என்னை அந்த ஒஃபீசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கவுண்டரில் அதே பெண். ஜெசிந்தா புத்தகத்தைத் தொப்பென்று மேசையில் வைத்தாள். "என்ர பூவெல்லாம் இஞ்ச இருக்காம். எடுக்க வந்தனான்" என்றாள். நான் ஒரு சொல் குறையாமல் டேனிஷில் சொன்னேன்.

அந்தப் பெண் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். "அதுகள் வாடிப்போச்சு" என்றார்.

"வாடாமல் என்ன செய்யும்? இவ்வளவு காலம் மறிச்சு வைச்சிருந்தால்."

அவர் எழுந்து உள்ளே போனார். காவலாளைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவரின் கையில் சிவப்பும் மஞ்சளுமான ரிபன்கள் இருந்தன. அத்தனையையும் மடித்து வைத்திருந்திருக்கிறார். ஜெசிந்தா வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் 'தக்', நன்றி. எனக்கும் வாய் பழகிவிட்டது, அதைச் சொல்லத் திறந்துவிட்டேன். ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லாதையுங்கோ. இது என்ர சாமான்தானே."

இன்று வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். உங்களுடையதைக் கேட்கும்போது முதல் கிளாஸைக் கேளுங்கள். தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 'தக்' சொல்ல வேண்டாம்.